மயில்துத்தமும் ஏழு செம்மறிகளும்

எங்கள் ஊரில் மழை வந்தால் பயப்படுகிற ஆள் அனேகமாக நான் ஒருத்தன்தான்.

குஜிலியம்பாறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் இருந்து எரியோடு வழியாகக் கரூர் போகிற ரோட்டில் வருகிற ஊர். செம்மண்ணும் சரளையும். கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக்கல். பக்கத்தில் கரிக்காலியில் அதை நம்பி சிமெண்ட் ஆலையே இருக்கிறது. முருங்கை, கடலை, சோளம், ஆடு, இவ்வளவுதான் எங்கள் பிழைப்பு. மேகம் கருத்தால் ஊரே வாசலுக்கு வந்து நின்று பார்க்கும். நான் மட்டும் திராட்சைப் பந்தலுக்கு ஓடுவேன். தோட்டத்தில் அரை ஏக்கர் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். "ஊரெல்லாம் மழைக்குச் சாமி கும்பிடுது, நீ மட்டும் வேண்டாம்னு கும்பிடுறியாப்பா" என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். முழுக்கப் பொய்யும் இல்லை.

திராட்சை எங்கள் பக்கத்துப் பயிர் கிடையாது. திண்டுக்கல்லுக்குத் தெற்கே வெள்ளோடு, சின்னாளப்பட்டி பக்கம் சிறுமலை அடிவாரத்தில் தலைமுறையாகப் போடுகிறார்கள். இன்னும் பெரிய அளவில் தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. நான் பெண் எடுத்தது வெள்ளோடு பக்கம். என் மாமனார் நாற்பது வருஷம் பந்தலுக்குக் கீழே நின்றவர். கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போனபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவருடைய சட்டைதான். வெள்ளைச் சட்டை, ஆனால் தோளிலும் முதுகிலும் வான நீலத்தில் திட்டுத் திட்டாக. துவைத்தாலும் போகாத நீலம். நகக்கண்ணிலும் அதே நிறம்.

"என்ன மாமா இது?"

"மயில்துத்தம் மாப்ள. இது இல்லாட்டி திராட்சை இல்ல."

மயில்துத்தம் என்றால் காப்பர் சல்பேட். மயில் கழுத்து நிறத்தில் கல்கண்டு மாதிரி இருக்கும். அதையும் சுண்ணாம்பையும் கலந்து அடிப்பதுதான் போர்டோ கலவை. பெயரிலேயே ஊர் இருக்கிறது. பிரான்சில் போர்டோ நகரத்தைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள் அதிகம். 1878 வாக்கில் அமெரிக்காவில் இருந்து வந்த செடிகளோடு அடிச்சாம்பல் நோய் அங்கே நுழைந்து, இலையெல்லாம் கருகிக் கொட்ட ஆரம்பித்தது. 1882-ல் மில்லார்டே என்கிற தாவரவியல் பேராசிரியர் மெடாக் பகுதியில் நடந்து போகும்போது ஒன்றைக் கவனித்தார். உள்ளே இருக்கிற கொடியெல்லாம் மொட்டையாக நிற்கிறது, பாதையோரம் இருக்கிற கொடி மட்டும் பச்சையாக இருக்கிறது. விசாரித்தால், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்க, விஷம் மாதிரித் தெரியட்டும் என்று தோட்டக்காரர்கள் செம்பு உப்பையும் சுண்ணாம்பையும் கரைத்துப் பாதையோரக் கொடிமேல் தெளித்திருக்கிறார்கள். திருடனுக்கு வைத்த பூச்சாண்டி நோயையும் விரட்டிவிட்டது. மில்லார்டே மூன்று வருஷம் ஆராய்ச்சி பண்ணி 1885-ல் வெளியிட்டார். தமிழ்நாட்டுக்குப் பன்னீர் திராட்சையைக் கொண்டு வந்ததும் 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் என்று சொல்கிறார்கள். கொடியும் அங்கிருந்து, மருந்தும் அங்கிருந்து.

மாமா எனக்குக் கலக்கச் சொல்லிக் கொடுத்த விதம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நூறு லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு. மயில்துத்தத்தை முதல் நாள் ராத்திரியே துணியில் மூட்டையாகக் கட்டி, ஐம்பது லிட்டர் தண்ணீரில் மேலாகத் தொங்கவிட்டுவிட வேண்டும், காலையில் கரைந்திருக்கும். சுண்ணாம்பைத் தனியாக நீற்ற வேண்டும். கல்லில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் அது கொதிக்கும், முகத்தைக் கிட்டே கொண்டு போகக் கூடாது, ஒரு துளி கண்ணில் தெறித்தால் போச்சு. நீறினதைப் பாலாகக் கரைத்து, வடிகட்டி ஐம்பது லிட்டர். பிறகு சுண்ணாம்புப் பாலில் மயில்துத்தத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே கலக்க வேண்டும். எல்லாமே பிளாஸ்டிக் ட்ரம்மில், கலக்குவது மரக்குச்சியில். இரும்புப் பாத்திரம் கூடவே கூடாது, செம்பு இரும்பில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஒட்டிக்கொள்கிற குணத்தையே மாமா சோதனையாக வைத்திருந்தார். கலவையில் பளிச்சென்று தீட்டின அரிவாளை முக்கி ஒரு நிமிஷம் பிடிப்பார். வெளியே எடுத்தால் செம்பு நிறம் படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். படிந்திருந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். அரிவாள் அரிவாளாகவே வெளியே வந்தால் மருந்து சரி. கலந்ததை அன்றைக்கே அடித்துத் தீர்க்க வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

இவ்வளவும் சொல்லிக் கொடுத்தவர் முகத்துக்கு ஒரு துண்டு கூடக் கட்ட மாட்டார். நெல்லுக்கோ கடலைக்கோ மருந்தடிப்பது மாதிரி இல்லை இது. பந்தல் தலைக்கு மேலே. கன்னை மேல்நோக்கிப் பிடித்து அடித்தால் பாதி இலையில் படியும், மீதி மழை மாதிரி நம் மேலேயே கொட்டும். கண், மூக்கு, கழுத்து, முதுகு எல்லாம் நீலம். 1969-ல் போர்ச்சுகல் மருத்துவர்கள் இரண்டு பேர், வருஷக்கணக்கில் போர்டோ கலவை அடித்த திராட்சைத் தொழிலாளர்களின் நுரையீரலில் செம்பு படிந்து புண்ணாகியிருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அந்த நோய்க்கே திராட்சை மருந்தடிப்பவர் நுரையீரல் என்று பெயர். மாமாவுக்குக் கடைசி பத்து வருஷம் விடாத இருமல். பீடியும் குடிப்பார். எது எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது? அவர் போனபிறகுதான் நான் கண்ணாடியும் முகமூடியும் வாங்கினேன். முழுக்கைச் சட்டை, தொப்பி, ரப்பர் கையுறை. வெயில் காலத்தில் பத்தே நிமிஷத்தில் வெந்து போகும். அதனால் விடிகாலை காற்றில்லாத நேரத்தில் அடித்து முடித்துவிடுவேன். மருந்தடிக்க வருகிற அண்ணன் முதலில் சிரித்தார். "என்னப்பா, மருந்தடிக்கப் போறோமா, சந்திரனுக்குப் போறோமா?" முகமூடி போடாவிட்டால் சம்பளம் கிடையாது என்று சொன்னபிறகு போட்டுக்கொண்டார்.

இவ்வளவு ஜாக்கிரதையும் ஆளுக்குத்தான். ஆட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2021 ஐப்பசி, கார்த்திகை மழை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சென்னையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்ற வருஷம். எங்கள் காய்ஞ்ச பூமியிலும் விடாமல் பெய்தது. நான் புரட்டாசியில் கவாத்துப் பண்ணியிருந்தேன். தளிர் விட்டு, பூங்குலை எட்டிப் பார்க்கிற நேரம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்தில் இலையின் மேல்பக்கம் எண்ணெய் சொட்டினது மாதிரி மஞ்சள் திட்டு. திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூஞ்சை. அடிச்சாம்பல்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் எனக்கு அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டும். செம்பு மருந்து வேலிதானே தவிர வைத்தியம் கிடையாது. இந்தப் பூஞ்சையின் வித்துகளுக்கு வால் மாதிரி ஒன்று உண்டு. இலைமேல் நிற்கிற தண்ணீரில் நீந்திப் போய், அடிப்பக்கம் இருக்கிற துளை வழியாக உள்ளே புகும். நீந்துகிற நேரத்தில் அந்தத் தண்ணீரில் துளி செம்பு இருந்தால் வித்து செத்துவிடும். அதனால் மழைக்கு முன்னால், இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடிக்க வேண்டும். உள்ளே புகுந்தபிறகு மேலே எவ்வளவு செம்பு பூசினாலும் உள்ளே போன நோயை அது ஒன்றும் பண்ணாது.

நான் என்ன பண்ணினேன்? திட்டைப் பார்த்துப் பதறி அடித்தேன். மறுநாள் மழை கழுவிக்கொண்டு போனது. திரும்ப அடித்தேன். திரும்ப மழை. எட்டுத் தடவை. ஒரு தடவை நூறு லிட்டருக்கு ரெண்டு கிலோ போட்டு, சுண்ணாம்பும் சரியாகப் பார்க்காமல் அடித்ததில் தளிர் ஓரமெல்லாம் தீய்ந்து போனது. குலையில் பாதி பழுப்பாகிக் கொட்டியது. மிச்சமான கலவையை வேலியோரப் பள்ளத்தில் கொட்டுவேன். அங்கே புல்லெல்லாம் நீலமாக நிற்கும்.

மழைக்கு நோய் மட்டுமா வரும்? பந்தலுக்குக் கீழே களை முழங்கால் உயரம். ஆள் கிடைக்கவில்லை, கூலியும் கட்டாது. அப்போதுதான் கிழக்குக் காட்டு அத்தையைக் கூப்பிட்டேன்.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை, முறைக்கு அத்தை. புருஷன் போனபிறகு முப்பத்திநாலு செம்மறியை வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுகிறவர். பேரனை அந்த ஆட்டில்தான் படிக்க வைக்கிறார். கோடையில் என் காட்டில் பட்டி போடுவார், எனக்கு எரு, ஆட்டுக்குத் தங்க இடம். காசு பணம் பேசினது கிடையாது. "அத்தை, பந்தலுக்குக் கீழ நல்ல புல்லு, ஆட்டை ஓட்டிட்டு வாங்க" என்றேன். வந்தார். களையில் நீலம் திட்டுத் திட்டாக இருந்ததைப் பார்த்துவிட்டு நின்றார்.

"மருந்தடிச்சிருக்கியே சாமி. ஆட்டுக்கு ஒண்ணும் பண்ணாதா?"

"சுண்ணாம்புத் தண்ணிதான் அத்தை. ஒண்ணும் பண்ணாது."

இதை நான் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. எல்லாரும் பூச்சிமருந்தைத்தான் விஷம் என்போம். குருணை தின்று ஆடு செத்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். மயில்துத்தம் பழைய காலத்து மருந்து, ஆட்டுக்குக் குளம்பு அழுகினால் அதைக் கரைத்துத்தான் காலை முக்குகிறோம், அது என்ன செய்துவிடும் என்று நினைப்பு. ரெண்டு நாள் மேய்ந்தது, ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தைக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கார்த்திகை, மார்கழி முழுக்க வாரத்துக்கு மூன்று நாள் நாலு நாள் ஆடுகள் பந்தலுக்குக் கீழேதான். களை குறைந்தது, கூலி மிச்சம். எனக்குச் சந்தோஷம்.

2022 பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு ராத்திரி, தெருநாய்கள் அத்தையின் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைத் துரத்தியடித்தன. கடிபட்டது ஒன்றுதான், அதுவும் லேசாக. ஆனால் மூன்றாம் நாளில் இருந்து ஒவ்வொன்றாகப் படுக்க ஆரம்பித்தது. தீனி எடுக்கவில்லை. கண் மஞ்சள் பூத்துப் போனது. மூத்திரம் காபி டிக்காஷன் மாதிரி. ஒருத்தர் பாம்பு என்றார், ஒருத்தர் உண்ணிக் காய்ச்சல் என்றார், நாய் துரத்தின பயத்தில் ரத்தம் கெட்டுப்போச்சு என்றார் இன்னொருத்தர். நாலு செத்தபிறகு கால்நடை டாக்டரம்மாவைக் கூட்டி வந்தோம். நான்தான் பைக்கில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அவங்க செத்த ஆடு ஒன்றை அறுத்துப் பார்த்தார்கள். நானும் பக்கத்தில் நின்றேன். ஈரல் மஞ்சளாக இருந்தது. சிறுநீரகம் கருநீலத்தில், துப்பாக்கி இரும்பு மாதிரி. பார்த்ததும் அவங்க நிமிர்ந்து கேட்டார்கள்.

"இந்தப் பக்கம் யாராவது மயில்துத்தம் அடிக்கிறாங்களா?"

அத்தைதான் பதில் சொன்னார். "அதெல்லாம் இல்லீங்கம்மா. தம்பி திராட்சைக்குச் சுண்ணாம்புத் தண்ணிதான் அடிக்குது."

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சுற்றி ஊர்க்காரர்கள் பத்து பேர் நின்றார்கள். குலை பாதி போன நஷ்டத்தில் கையில் காசு இல்லை. நாய்தான் காரணம் என்று எல்லாரும் ஏற்கெனவே பேசிவிட்டார்கள். எது காரணமோ, வாய் வரவில்லை. டாக்டரம்மா ஈரலில் கொஞ்சம் பாட்டிலில் போட்டுக்கொண்டு, சோதனைக்கு அனுப்புகிறேன் என்று கிளம்பிவிட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை. என் வீட்டுக்காரி கேட்டாள். சொன்னேன். அவள் திராட்சைக்காரர் வீட்டுப் பெண். எழுந்து உட்கார்ந்து, "எங்கப்பா பந்தலுக்குள்ள ஆட்டை விடவே மாட்டாரே, கவனிச்சது இல்லையா நீங்க?" என்றாள். கவனித்தது இல்லை. செடியைக் கடிக்கும் என்பதால்தான் விடுவதில்லை என்று நினைத்திருந்தேன். "விடியட்டும்னு இருக்காதீங்க" என்றாள். நான் விடியட்டும் என்றே இருந்தேன்.

காலையில் போனபோது அத்தை பட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். ராத்திரியில் இன்னும் ரெண்டு செத்திருந்தது. ஒன்று படுத்துக் கிடந்தது. நின்றுகொண்டே சொன்னேன். "அத்தை, அது சுண்ணாம்பு மட்டும் இல்ல. மயில்துத்தமும் கலந்தது. அதனாலதான் செத்திருக்கும் போல."

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. படுத்துக் கிடந்த ஆட்டின் காதை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு, "சுண்ணாம்புன்னு சொன்னியே சாமி" என்றார். வைதிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

நேராக டாக்டரம்மாவிடம் போனேன். அவங்க என்னைத் திட்டவில்லை, நேற்றே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் சொன்னார்கள். பிறகு விளக்கினார்கள். மாடு, வெள்ளாடு எல்லாம் கூடுதல் செம்பை ஓரளவு கழித்துவிடும். செம்மறிக்கு அந்தச் சக்தி ரொம்பக் கம்மி. போனதெல்லாம் ஈரலில் சேர்ந்துகொண்டே இருக்கும். தீவனத்தில் கிலோவுக்கு 20, 30 மில்லிகிராம் செம்பே தொடர்ந்து போனால் செம்மறிக்கு ஆபத்து. வாரக்கணக்கில், மாசக்கணக்கில் சேரும்போது ஆடு பார்க்க நன்றாகவே இருக்கும். ஒரு நாள் நாய் துரத்தினாலோ, தூரமாக நடக்க விட்டாலோ, பட்டினி கிடந்தாலோ, ஈரல் அத்தனை செம்பையும் ஒரேயடியாக ரத்தத்தில் விட்டுவிடும். ரத்த அணுக்கள் உடையும். அதுதான் சிவப்பு மூத்திரம், மஞ்சள் கண். அந்த நிலை வந்த ஆடு பிழைப்பது அபூர்வம். ஆனால் மற்ற ஆடுகளைக் காப்பாற்றலாம். அம்மோனியம் மாலிப்டேட், சோடியம் சல்பேட் ரெண்டையும் அளவாகக் கரைத்து ஒவ்வொரு ஆட்டுக்கும் தினமும் வாயில் ஊட்ட வேண்டும். மாலிப்டினம் செம்பைப் பிடித்து வெளியே கொண்டு போய்விடுமாம்.

மிச்சம் இருந்த ஆடுகளுக்கு நானும் அத்தையின் பேரனும் வாரக்கணக்கில் காலையில் மருந்து ஊட்டினோம். ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் ஊட்ட. படுத்திருந்ததும் சேர்த்து மொத்தம் ஏழு செத்தது. அதன்பிறகு ஒன்றும் சாகவில்லை. நான் முந்தின நாளே சொல்லியிருந்தால் அந்த மூன்று பிழைத்திருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தெரியாதுங்க" என்றார்கள். எனக்கு ஆறுதலுக்குச் சொன்னார்களா, நிஜமாகவே தெரியாதா, தெரியவில்லை.

மாசியில் அத்தையைக் கூட்டிக்கொண்டு அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைக்குப் போனேன். பல்லைப் பிடித்துப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்து, அவரே அஞ்சு பெட்டையைத் தேர்ந்தெடுத்தார். ஏழு எடுக்கச் சொன்னேன். "செத்ததுல ரெண்டு கிடா. அது எப்பிடியும் போறதுதான். அஞ்சு போதும்" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பணம் நகையை வைத்துப் புரட்டினது. அந்த வருஷத் திராட்சையில் எனக்குக் கிடைத்தது அதற்குக் கூடக் காணாது.

அதற்குப்பிறகு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். மயில்துத்தத்தில் நாலில் ஒரு பங்குதான் செம்பு. என் அரை ஏக்கருக்கு ஒரு தடவைக்கு இருநூறு லிட்டர், ரெண்டு கிலோ மயில்துத்தம், அதாவது அரைக்கிலோ செம்பு. எட்டுத் தடவைக்கு நாலு கிலோவுக்கு மேல். ஐரோப்பாவில் 2019-ல் இருந்து ஒரு ஹெக்டேருக்கு ஏழு வருஷத்தில் 28 கிலோ செம்புக்கு மேல் போடக் கூடாது என்று சட்டம். வருஷத்துக்குச் சராசரி நாலு கிலோ. என் அரை ஏக்கருக்கு அது எண்ணூறு கிராம்தான் வரும். அஞ்சு வருஷத்துக்கு மேல் ஆகிறதை நான் மூன்று மாசத்தில் கொட்டியிருக்கிறேன். அதுவும் உபயோகமே இல்லாமல்.

செம்பு மக்கிப் போகிற சாமான் இல்லை. மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும், மண்புழு குறையும். கிணற்றிலோ குட்டையிலோ கழுவிவிட்டால் மீன் செத்து மிதக்கும். எங்கள் மண் சுண்ணாம்பு மண் என்பதால் வேருக்கு அவ்வளவாகப் போகாது, அது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் நான் கொட்டினது நான் போனபிறகும் அங்கேதான் இருக்கும்.

இப்போது நான் செய்கிறது இதுதான். பெரும் மழை நேரத்தில் தளிர் வராத மாதிரி கவாத்தை முன்னே பின்னே தள்ளுகிறேன். உள்பக்க இலையைக் கிள்ளிக் காற்றோட்டம் விடுகிறேன், ஈரம் சீக்கிரம் காய்ந்தால் நோய்க்கு வழியில்லை. கவாத்து முடிந்து மூன்று நாலு இலை வந்ததும், மழைக்கு முன்னால் ஒன்று, தேவை இருந்தால் இன்னும் ரெண்டு, அவ்வளவுதான் செம்பு. கடையில் பாக்கெட்டில் கிடைக்கிற காப்பர் ஆக்சிகுளோரைடு என்றால் லிட்டருக்கு ரெண்டரை கிராம், கைக்கணக்குக் கிடையாது, தராசு வாங்கி வைத்திருக்கிறேன். திட்டு வந்துவிட்டால் செம்பைத் தொடுவதில்லை, அதற்கு வேளாண்மை அலுவலரைக் கேட்டு வேறு மருந்து. எவ்வளவு கொள்ளும் என்று பார்த்துத்தான் கலக்குகிறேன். ட்ரம் கழுவின தண்ணீரும் கொடிக்கே போகிறது. பந்தலுக்குக் கீழே களை, மிஷினில் வெட்டி அங்கேயே மூடாக்கு. ஒரு கைப்பிடி கூட வெளியே ஆட்டுக்குப் போகாது.

போன மாசம் சென்னையில் இருந்து வந்த நண்பர் ஒருத்தர் குலையைக் கையில் எடுத்துவிட்டு, மேலே வெள்ளையாக இருக்கிறதே, இதுதான் மருந்தா என்று கேட்டார். இல்லை. பழத்தின் தோல்மேல் ஒரே சீராக, விரலால் தேய்த்தால் மறைகிற மாதிரி இருப்பது திராட்சை தானாகவே பூசிக்கொள்கிற மெழுகு. நல்ல பழத்துக்கு அடையாளம். நீலமாக, சொட்டுச் சொட்டாக, காம்போரம் காய்ந்து கிடந்தால்தான் மருந்து. காய் நிறம் திரும்ப ஆரம்பித்தபிறகு நான் செம்பு பக்கமே போவதில்லை, குலையில் கறை இருந்தால் வியாபாரியும் விலையைக் குறைப்பார். எதுவாக இருந்தாலும் ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுச் சாப்பிடுங்கள். "இயற்கையில விளைஞ்சதா?" என்று அடுத்து கேட்டார். இயற்கை விவசாயத்திலும் அளவோடு போர்டோ கலவைக்கு அனுமதி உண்டு என்று சொன்னதும் அவருக்கு முகம் மாறிவிட்டது. இயற்கை என்றாலும் ரசாயனம் என்றாலும், எவ்வளவு, எப்போது, கீழே யார் மேய்கிறார்கள் என்று கேளுங்கள் என்றேன்.

அத்தை இப்போதும் கோடையில் என் கடலைக் காட்டில் பட்டி போடுகிறார். பந்தல் பக்கம் ஆட்டை விடுவதில்லை, நானும் கூப்பிடுவதில்லை. மருந்தடிக்கிற அன்றைக்கு ரோட்டோர வேலியில் ஒரு நீலத் துணியைக் கட்டிவிடுவேன். காற்றில் சாரல் வேலிக்கு வெளியே இருக்கிற புல்லிலும் படியும் இல்லையா. துணி தொங்கினால் அந்தப் பக்கம் ஆடு ஓட்ட வேண்டாம் என்று அர்த்தம். முதலில் அத்தைக்காக மட்டும் கட்டினது, இப்போது அந்த வழியாக ஆடு ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும்.

நேற்று சாயங்காலம் வடக்கே மேகம் ஏறியது. நான் பந்தலுக்குக் கீழே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் ஆட்டோடு போன அத்தை நின்றார்.

"மழை வரும் போல சாமி. காலைல அடிக்கப் போறியா?"

"ஆமா அத்தை."

"துணியைக் கட்டிரு" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

விடிகாலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ஒரு கிலோ மயில்துத்தத்தை ஊறப் போட்டாச்சு. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.